மெத்தினிச்சையும் செம்பும்

எங்கள் வயசுக்காரருக்குத்தான் இதை எழுதுகிறேன். அதாவது, பத்து வயசில் தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஜெர்மனியில் வந்து இறங்கி, இன்றைக்கு இரத்த அழுத்தக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிற ஆட்களுக்கு. மற்றவர்களும் வாசிக்கலாம். சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் நான் பொறுப்பில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர் தொலைபேசி எடுத்தா. "பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேணும்" என்றா. அவ்வளவுதான். பிள்ளை விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரி, அம்புலன்ஸ், ஹெலிகொப்டர் என்று நான் ஒரு சப்பாத்தைக் காலிலும் மற்றதைக் கையிலுமாக வாசலுக்கு வந்துவிட்டேன். பிள்ளை எனக்குப் பின்னால் கதிரையில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தாள்.

"சோதினையில வீட்டுப் பாத்திரம் ஐஞ்சு எழுதச் சொன்னனான்" என்றா ரீச்சர். "பானை, சட்டி, குடம், செம்பு, நாலும் சரி. ஐஞ்சாவதா மெத்தினிச்சை எண்டு எழுதியிருக்கிறா. எத்தினையோ வரியமாப் படிப்பிக்கிறன், இப்பிடி ஒரு பாத்திரத்தை நான் கேள்விப்படேல்லை. உங்கட ஊர்ப்பக்கச் சொல்லோ?"

"பொறுங்கோ ரீச்சர், பாத்துச் சொல்லுறன்."

"என்ன பாக்கிறது அப்பா?" என்றாள் மகள். "நீங்களும் அப்பம்மாவும் எப்பவும் சொல்லுறனீங்கள்தானே. அது தமிழ்தானே?"

மனைவி குசினிக்குள் இருந்தபடியே சொன்னா: "உங்கட வீட்டுச் சொத்து. நீங்களே மறுமொழி சொல்லுங்கோ."

உண்மைதான். எங்கள் வீட்டில் உடுப்பு ஊறப்போடுகிற, கால் கழுவுகிற அகலப் பாத்திரத்துக்கு மெத்தினிச்சை என்றுதான் பேர். மகள் அதைத் தமிழ் என்று நினைத்தாள். அப்பா, அந்தக் காலத்தில், ஜெர்மன் என்று நினைத்தார். அது போலந்துச் சொல்.

நான் ஹம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். திங்கட்கிழமை, கையில் முகம் கழுவுகிற பிளாஸ்டிக் பாத்திரத்தோடு, கூட வேலை செய்கிற போலந்துக்காரியிடம் இதைக் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மியெட்னீட்சா!" என்று திருத்தினாள். அவளுடைய மொழியில் மியெட்ச் என்றால் செம்பு. அந்தக் காலத்தில் கழுவுகிற பாத்திரத்தைச் செம்பில்தான் அடித்தார்களாம். பிறகு இரும்பு வந்தது, எனாமல் வந்தது, இப்போது பிளாஸ்டிக். பேர் மட்டும் செம்பிலேயே நின்றுவிட்டது.

"எங்களுக்கும் அப்படித்தான்" என்றேன். "தண்ணி வார்க்கிறதை எவர்சில்வரில் செய்தாலும் செம்பு என்றுதான் சொல்லுவோம்."

சொல்லிவிட்டு வாயை மூடினேன். இந்தக் கதையில் ஒரு செம்பும் இருக்கிறது. அதை நான் முப்பத்தைந்து வருசமாக நினைக்காமல் இருக்கப் பாடுபட்டு வந்திருக்கிறேன்.

கெல்சென்கிர்ச்சனில் எங்கள் முதல் மாரி. பழைய சுரங்கத் தொழிலாளர் வீடு, மேல்மாடி. கக்கூசு படிக்கட்டின் அரைவழியில். குளிக்கிற அறை என்று ஒன்று கிடையாது. அம்மா யன்னல் இடுக்கெல்லாம் பழந்துணி அடைத்து, அதுக்கு மேல் போர்வையும் தொங்கவிட்டிருந்தா. குளிர் உள்ளே வராது. வெளியில் என்ன நடக்குது என்று எங்களுக்கும் தெரியாது.

அப்பாவிடம் ஒரு சட்டம் இருந்தது: முறைப்பாடு வரப்படாது. "எங்கட அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. ஆராவது ஒருத்தர் ஒரு துண்டு எழுதிப்போட்டாலும் காணும், பிளேன்ல ஏத்திப்போடுவாங்கள்." ஆகவே நாங்கள் காலுறையோடு நடந்தோம். தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்மினோம். கதவு தட்டுப்பட்டால் அப்பா சாரத்துக்கு மேலேயே காற்சட்டையை ஏற்றிக்கொண்டு, பத்திரங்கள் வைத்த பச்சைக் கோப்பைக் கக்கத்தில் செருகிக்கொண்டுதான் திறப்பார். தபால்காரன்கூட எங்கள் பத்திரங்களை இரண்டு தடவை பார்த்திருக்கிறான், பாவம்.

கீழ்மாடியில் ஒரு மனுசி இருந்தா. அகலமான ஆள், சிவந்த கை. புருசன் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. அவரை நாங்கள் கண்டதில்லை, கேட்டோம். நாள் முழுக்க எங்கள் காலடியில் இருமிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை அம்மா என்னைக் குசினியில் நிற்கவைத்து, சமைக்கிற சட்டியால் தண்ணி அள்ளி வார்த்துக்கொண்டிருந்தா. தண்ணி பலகை இடுக்கால் இறங்கியிருக்கவேண்டும். கதவு தட்டுப்பட்டது. அப்பா சாரம், காற்சட்டை, கோப்பு. வாசலில் கீழ்வீட்டு மனுசி. அவ கோப்பைப் பார்க்கவில்லை. சவர்க்கார நுரையோடு நடுங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தா. திரும்பி இறங்கிப் போனா.

"முடிஞ்சுது" என்றார் அப்பா. "பொலிசுக்குப் போறா."

ஐந்து நிமிசத்தில் திரும்பி வந்தா, கையில் ஒரு பாத்திரம். வெள்ளை எனாமல், நீல விளிம்பு, ஓரத்தில் எனாமல் உதிர்ந்து கறுப்பாய் ஒரு பொட்டு. நான் சப்பாணி கட்டி உட்காரலாம், அவ்வளவு அகலம். அதை நிலத்தில் வைத்து, விரலால் தட்டி, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னா: "மியெட்னீட்சா."

அப்பா உடனே கொப்பியை எடுத்து எழுதினார். அவர் ஜெர்மன் சொல் சேர்க்கிற கொப்பி அது. அவருக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் அந்த மனுசிதான் என்பதால், கொப்பியில் பாதி போலந்துச் சொல். 'நல்லது' என்பதற்கு 'டோப்றே' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார்.

நான் குளித்து முடிந்ததும் பாத்திரம் கீழே போகவேண்டும், அவவின் புருசனைக் கழுவ. அம்மாவுக்கும் ஒரு சட்டம் இருந்தது: இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் குடுக்கப்படாது. அதுக்குள் நாலு பருப்பு வடையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டா. கால் கழுவுகிற பாத்திரத்தில் வடை! மனுசி என்ன நினைத்தாவோ. அடுத்த சனிக்கிழமை பாத்திரம் மேலே வந்தபோது அதுக்குள் கசகசா வைத்துச் சுற்றின கேக் ஒன்று இருந்தது. பிறகு வடை போனது, உருளைக்கிழங்கு வந்தது. முறுக்கு போனது, அப்பிள் வந்தது.

"பாவம், சாப்பாட்டுக்குக் கஷ்டம் போல" என்றா அம்மா, அவவைப் பற்றி. அவவும் எங்களைப் பற்றி அதைத்தான் நினைத்திருப்பா.

அப்பாவுக்கு வேறு யோசனை. "எப்ப வந்தனீங்கள், எத்தினை பேர், பிள்ளை பள்ளிக்கூடம் போறானோ எண்டெல்லாம் கேக்கிறா. யன்னலடியில இருந்து எழுதிக்கொண்டிருக்கிறதை நான் கண்டனான். மனுசி ஆரோடையோ தொடர்பு."

தை மாதத்தில் நல்ல பனி. எங்கள் வீட்டுக்குப் பின்னால், சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டின கல்லும் கரியுமாய் ஒரு மலை இருந்தது. அதன் மற்றப் பக்கம் கால்வாய். அந்தச் சனிக்கிழமை அம்மா பால் பாயசம் காய்ச்சினா. யாழ்ப்பாணத்திலிருந்து உடுப்புக்கு நடுவில் பொத்திப்பொத்திக் கொண்டுவந்த செம்பில் வார்த்து, "சிந்தாமல் இதை முதல் குடுத்திட்டு வா. பிறகு மெத்தினிச்சையைக் கொண்டுபோ" என்றா.

செம்பைக் கொடுத்தேன். மனுசி அதை இரண்டு கையாலும் வாங்கினா. பளபளப்பைப் பார்த்து, விரலால் செம்பின் வயிற்றில் சுண்டிப் பார்த்துச் சிரித்தா.

பிறகு வடை வைத்த மெத்தினிச்சையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், வாசலில் வகுப்புப் பெடியள் சறுக்கு வண்டிகளோடு மலைக்குப் போகிறார்கள். ஒருவன் என் கையிலிருந்ததைப் பார்த்துக் கத்தினான், "நல்ல வண்டி!" என்று. அந்த நாட்டில் என்னிடம் இருந்த எதையும் ஒருவன் நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒரே ஒரு தரம் என்று நினைத்தேன். வடையை வழியிலேயே பங்கு போட்டோம். உறைப்பில் பெடியள் பனியை அள்ளி வாயில் போட்டார்கள். மலை உச்சியில் மெத்தினிச்சைக்குள் உட்கார்ந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடினேன். அது நேரே போகாது; சுற்றிச் சுற்றிப் போகும். வானம், வீடு, வானம், புகைபோக்கி, வானம். நான் கத்தினேன். காலுறையோடு நடக்கிற பிள்ளை, முழுத் தொண்டையால்! ஒரு தரம் மூன்று தரமானது. நாலாவது தரம் மற்றப் பக்கத்தால் விட்டோம். அரைவழியில் ஒரு கல். நான் இந்தப் பக்கம் பறந்தேன். மெத்தினிச்சை தன்பாட்டில் இறங்கி, கால்வாய் ஓரத்து மெல்லிய பனிக்கட்டியில் சறுக்கி, நடுவில் கொஞ்ச நேரம் மிதந்தது. யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி. பிறகு ஒரு பக்கம் சரிந்து, தண்ணி குடித்துக் கீழே போனது.

அம்மா கேட்டா: "குடுத்தியோ?"

"ஓம்."

"என்ன சொன்னவா?"

"நன்றி எண்டவா."

அதுக்குப் பிறகு நடந்த பத்து நாளை என் இருதய வைத்தியரிடம் சொன்னால் அவர் குளிசையைக் கூட்டுவார். கீழ்வீட்டுக் கதவடிக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். பாடசாலை அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். இல்லை. ஜெர்மன்காரரே அகராதியில் போடாத பாத்திரம் என்றால் எவ்வளவு அருமையானதாக இருக்கவேண்டும்! சாமான் கடைக்குப் போய் "மியெட்னீட்சா இருக்கோ?" என்று கேட்டேன். கடைக்காரி என்னை இரண்டு தரம் சொல்லவைத்தாள். குந்தியிருந்து கழுவிக் காட்டினேன். அவள் உள்ளே போய், பிள்ளைகள் மூத்திரம் பெய்கிற சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். வெளியே ஓடிவந்துவிட்டேன். நாடு கடத்துவது நிச்சயம் என்று தெரிந்ததால் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு காற்சட்டை போட்டுக்கொண்டு போனேன். வகுப்பிலிருந்தே ஏற்றினால் குளிருக்கு உதவும். போகிற இடம் யாழ்ப்பாணம் என்பதும் அங்கே குளிராது என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை மெத்தினிச்சை மேலே வரவில்லை. செம்பும் வரவில்லை. அம்மா போய்க் கேட்கவும் இல்லை. குடுத்த பாத்திரத்தைக் கேட்டு வாங்குவது மரியாதை இல்லை. "வடையில உறைப்புக் கூடிட்டுது போல" என்றா. "அதுதான் கோவிச்சுக்கொண்டிருக்கிறா." சும்மா சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மா வெள்ளைக்காரருக்குச் செய்கிற எந்தச் சாப்பாட்டிலும் மிளகாய்த்தூள் போடுவதில்லை.

அந்தக் கிழமைதான் இன்னொன்றும் நடந்தது. கீழே இருமல் நின்றது.

"கேட்டியளோ, இருமல் இல்லை" என்றா அம்மா. "மனுசனுக்குச் சுகம் வந்திட்டுது. கடவுள் இருக்கிறார்."

நாலு நாள் கழித்து அப்பாவுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின். விசாவை நீட்டுகிற நாள். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். சப்பாத்துப் போடும்போது கதவு தட்டுப்பட்டது. கீழ்வீட்டு மனுசி. கறுப்புக் கோட்டு, கறுப்புச் சட்டை, கறுப்புத் தலைத்துணி. இப்படி உடுத்து நாங்கள் கண்டதில்லை. பொலிசுக்குப் போக வெளிக்கிட்டிருக்கிறா என்று எனக்குத் தெளிவாக விளங்கியது. கையில் எங்கள் செம்பு. அதை அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினா. என் தலையில் கையை வைத்தா. நான் குறுகிப்போனேன். இறங்கிப் போய்விட்டா.

அம்மா செம்புக்குள் பார்த்தா. தின்ன ஒன்றும் இல்லை. சுருட்டின ஒரு கடித உறை மட்டும்.

"பாத்தியளோ" என்றா அம்மா. "வெறுஞ் செம்பு. இனி உங்கட சங்காத்தம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா." கடதாசி அப்பாவின் பகுதி என்பதால் உறையை அவரிடம் கொடுத்தா.

படிக்கட்டில் அப்பா உறையை என்னிடம் நீட்டினார். "ஆருக்கு எழுதியிருக்கு எண்டு வாசி."

ஒட்டின உறை. சாய்ந்த கையெழுத்து. வாசித்தேன். "வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு."

அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் வெடித்து அழுதேன். மெத்தினிச்சை, மலை, கால்வாய், வடை, கடை, இரண்டு காற்சட்டை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. கைலேஞ்சியால் என் மூக்கைத் துடைத்தார்.

"அம்மாட்டைச் சொல்லாதை. அவ தாங்கமாட்டா."

உறையைப் பச்சைக் கோப்பின் கடைசி மடிப்புக்குள் வைத்தார். அலுவலகத்தில் அதிகாரி வழமைபோல மூன்று மாதம் நீட்டி முத்திரை குத்தினார். அப்பா நன்றியோடு "டோப்றே" என்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வெளியே வந்து அப்பா சொன்னார்: "கடவுளே எண்டு அந்தக் கடிதத்தைக் குடுக்கேல்லை. குடுத்திருந்தா இண்டைக்கே முடிஞ்சிருக்கும்."

அதுக்குப் பிறகு நாங்கள் கீழ்வீட்டோடு கதைக்கவில்லை. இளவேனிலில் ஒரு வாகனம் வந்து அவவின் சாமான்களை ஏற்றிப் போனது. புருசனைக் காணவில்லை. ஆஸ்பத்திரியில் என்று நினைத்தோம். மூன்று மாதம், மூன்று மாதமாக நீட்டுகிற விசாவோடு நாங்கள் இன்னும் ஐந்து வருசம் இருந்தோம். வேலை செய்ய ஏலாது, நகர எல்லையைத் தாண்ட ஏலாது. பிறகு எல்லாருக்கும் வந்த மாதிரி எங்களுக்கும் நிரந்தர விசா வந்தது.

போன மாதம், ரீச்சருக்கு ஆதாரம் காட்டலாம் என்று அப்பாவின் சொற்கொப்பியைத் தேடினேன். அப்பா போய் நாலு வருசம். பச்சைக் கோப்பு என்னிடம்தான். கொப்பி இருந்தது. கடைசி மடிப்பில் உறையும் இருந்தது, ஒட்டினபடி. கொடுக்கவும் பயம், கிழிக்கவும் பயம், எறியவும் பயம். அரச அலுவலகத்துக்கு முகவரி இட்ட கடதாசியை அழித்தால் அதுவும் ஒரு குற்றமாக இருக்கலாமே. ஆகவே அப்பா அதைக் காப்பாற்றி வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயசில், குசினி மேசையில், மரக்கறிக் கத்தியால் அதைத் திறந்தேன். இப்பவும் பிளேனில் ஏற்றுவார்களோ என்று ஒரு கணம் யோசித்தேன். என்னிடம் ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது. இருந்தாலும்.

ஒரு பக்கம். உடைந்த ஜெர்மன். நான் தமிழில் தருகிறேன்.

மேல்வீட்டு ஆட்கள் நல்ல ஆட்கள் என்று தொடங்கியது. சத்தம் இல்லை, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். 'அவர்கள் ஒரு பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. அவர்களின் பாத்திரத்தை நானும் வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. என் புருசனை அடக்கம் செய்ததால் சமைக்கவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை வைக்கிறேன். என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.' பிறகு: 'பையன் என் மியெட்னீட்சாவை மலைக்குக் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டான். கொண்டுபோனதையும் வெறுங்கையோடு வந்ததையும் என் யன்னலால் பார்த்தேன். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறான். என் கதவைத் தாண்டும்போது ஓடுகிறான். ஓட வேண்டாம் என்று சொல்ல எனக்கு அவர்களின் மொழி தெரியாது. ஒரு பாத்திரத்துக்காக இவ்வளவு பயப்படுகிற பிள்ளை நல்ல வீட்டுப் பிள்ளை. எனக்கு அது இனித் தேவையில்லை, கழுவுவதற்கு ஆள் இல்லை. இவர்களை இருக்க விடுங்கள்.'

கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திராது என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு மனுசியின் கடிதத்துக்கு எந்த அதிகாரி அசைவான்? அசைந்தும் இருக்கலாம். அப்பா அந்த ஐந்து வருசமும் யன்னலோரம் சும்மா இருந்த இருப்பு எனக்குத் தெரியும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். முழுக்க வாசித்துச் சொன்னேன். அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"அப்ப வடை?" என்றா கடைசியாக.

"அது அவவுக்குப் போகேல்லை அம்மா. பெடியளோட சேர்ந்து திண்டிட்டன்."

"உறைப்புக் கூடேல்லையோ?"

"கூடினதுதான். ஆனா அவ தின்னேல்லை."

"முப்பத்தைஞ்சு வரியம்" என்றா அம்மா. "தூள் போடாமச் சமைச்சிருக்கிறன், மூதேவி." பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. "கீழ்வீட்டில செத்தவீடு நடந்திருக்கு. நாங்கள் ஒரு எட்டுப் போகேல்லை. மனுசனுக்குச் சுகம் எண்டு நான் விளக்குக் கொளுத்தினனான்."

நான் தேத்தண்ணி போட எழும்பினேன். அம்மா என்னைத் தாண்டிக் குசினிக்குள் போய், மேல்தட்டிலிருந்து செம்பை எடுத்தா. பழப்புளி போட்டு மினுக்கினா. பால் பாயசம் காய்ச்சி அதுக்குள் வார்த்தா.

"உன்னோட வேலை செய்யிற அந்தப் போலந்துப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் குடு."

"செம்பை வெறுமையாத் திருப்பித் தரப்படாது எண்டு சொல்லவோ?"

"சொல்லாதை" என்றா. "அவையளுக்குத் தெரியும்."

ஹம்முக்குப் போகிற ரயிலில் செம்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். மூடி ஆடியது. வளைவு வந்தால் சிந்தும், பிரேக் போட்டால் சிந்தும், முன்னால் இருப்பவரின் கோட்டில் சிந்தினால் முறைப்பாடு. டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். டிக்கெட் என் சட்டையின் உள்பையில். கை இரண்டிலும் செம்பு. வழக்கமாக எனக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றிருக்கும்.

"கொஞ்சம் பிடியுங்கோ" என்று அவரிடம் நீட்டினேன்.

அவர் தயங்கிவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் வாங்கினார். சூடு பட்டதும் சிரித்தார். நான் ஆறுதலாய், அவசரப்படாமல், டிக்கெட்டைத் தேடினேன்.